நாலு நிமிஷம் முன்னால்

அடுப்படிச் சுவரில் சொர்ணம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியதோடு போன வாரம் நின்றோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களைவிட அதிகமாகத் தவித்தவன் ஒருவன் உண்டு. அவள் புருஷன் ரெங்கராஜ்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு அவனைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். இலுப்பூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் பதினாலு வருஷமாக டிரைவர். அவன் ஊரான மேட்டுப்பட்டிக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்கிற ஜனங்கள் அவன் பஸ்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏழு நாப்பத்தேழு வந்திருச்சா?’ என்றுதான் கேட்பார்கள். ஒரு நிமிஷம் முன்னாலும் வராது, பின்னாலும் வராது. பெருமை என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தான்.

சொர்ணத்துக்கோ பொழுது போதவே போதாது. பகலில் இலுப்பூரில் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. விடியற்காலையில் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிப்பு. இது போதாதென்று இரண்டு மாதமாகக் கார் ஓட்டப் பழகுகிறாள். பழக்குகிறவன் மலையாண்டி. ஒரு காலத்தில் ரெங்கராஜ் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, அவனிடமே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு இலுப்பூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன்.

கட்டின புருஷன் டிரைவராக இருக்கும்போது பொண்டாட்டி வேறொருத்தனிடம் போய் கியர் மாற்றப் பழகுகிறாள்! ரெங்கராஜுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயராக வைத்துப் பார்த்தான், எதுவும் பொருந்தவில்லை.

இன்று சனிக்கிழமை, பரீட்சை நாள். முதல் டிரிப்புக்குக் கிளம்பும் முன், விடியற்காலை நாலரைக்கு, டீ டம்ளரோடு அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்றான் ரெங்கராஜ். அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது படிக்கும் இலக்கியா, தூக்கம் வழியும் கண்ணோடு புத்தகத்தைப் பார்த்து அம்மாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் தன் பொழுதை பஸ் டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் போட்டிருந்தாள். நாலு மணிக்குப் படிப்பு. அஞ்சரைக்குச் சமையல். ஆறரை முதல் ஏழு பத்து வரை மலையாண்டி. ஒன்பதரைக்கு ஆபீஸ். ராத்திரி ஏழு முதல் எட்டு வரை இலக்கியா, வீட்டுப்பாடம்.

ரெங்கராஜ் மேலிருந்து கீழே விரலை ஓட்டித் தன்னைத் தேடினான்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

“கீழ பாருங்க. எட்டு நாப்பது” என்றாள் சொர்ணம், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இருந்தான். ‘8.40 – 8.55 அவர்.’

“பதினஞ்சு நிமிஷமா?”

“அதுவும் நீங்க டிவிய அமத்துனாத்தான்.”

இலக்கியா களுக்கென்று சிரித்தாள். ரெங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையாண்டிக்கு நாற்பது நிமிஷம், தாலி கட்டினவனுக்குப் பதினைந்து. பதினாலு வருஷமாக நிமிஷக் கணக்கிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டது. அதோடு விட்டிருக்கலாம். தாளின் அடியில் சிவப்பு மையில் ‘இன்னைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்ததையும் படித்தான். 7.47 பஸ். ஒன்பதுக்கு கேட். ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை பரீட்சை. ஒரு மணிக்கு மறுபடி மலையாண்டி.

“பரீட்சை அன்னைக்குமா அவன்?”

“இன்னைக்கு விட்டா ஏதுங்க நேரம்? எப்படியும் புதுக்கோட்டைக்கு வாரேன். கீழராஜ வீதிக் கூட்டத்துல ஒரு தடவ ஓட்டிட்டேன்னா பயம் போயிரும்னு மலையாண்டி அண்ணன் சொன்னாரு. வார வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்டு.”

ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. பரீட்சை முடிந்து வருகிறவளை ஓட்டலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று, மத்தியான டிரிப்பை வேறொரு டிரைவர் கையில் மாற்றிவிட்டிருந்தான் ரெங்கராஜ். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டில் போய் நின்று அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தான். இப்போது அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை.

“ஏன், நான் பக்கத்துல உக்காந்து ஓட்டச் சொன்னா ஆகாதா?”

சொர்ணம் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க கத்துவீங்க.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் காரை வாங்கி வந்து, சந்தை மைதானத்தில் மூன்று நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். மூன்றாம் நாள் அவன் போட்ட கூச்சலில், காரை நடு மைதானத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

“அவன் கத்தமாட்டானாக்கும்?”

“கத்தமாட்டாரு. தப்பாப் போட்டா, ‘பரவால்ல அண்ணி, மறுபடி போடுங்க’ம்பாரு.”

“அப்பா, அம்மாவ டிஸ்டர்ப் பண்ணாதீங்க. இன்னும் இருவது கேள்வி இருக்கு” என்றாள் இலக்கியா.

ரெங்கராஜ் டம்ளரை ‘டக்’கென்று வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். வாசல் தாண்டும்போது சொர்ணம் பின்னாலேயே வந்தாள்.

“ஏங்க, ஒங்க பஸ்ஸ விட்டா அடுத்து எட்டரைக்குத்தான். அது போயிச் சேர ஒன்பதேகால் ஆயிரும். ஒன்பதுக்கு கேட்டப் பூட்டிட்டா அப்புறம் கால்ல விழுந்தாலும் விடமாட்டாங்க. ஒரு வருசப் படிப்புங்க.”

“என் வண்டி என்னைக்கு லேட்டாச்சு?” என்றான்.

அது நிஜம். லேட்டாகவில்லை.

முதல் டிரிப் போய்த் திரும்பி வரும்போது மணி ஏழு. வலையாட்டம் விழுந்திருந்த பனி விலகி, ரோடு பளிச்சென்று தெரிந்தது. மேட்டுப்பட்டிக்கு அருகே எதிரில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் வந்தது. ஸ்டியரிங்கில் சொர்ணம். பக்கத்தில் மலையாண்டி ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே ஓட்டிவந்தாள்.

ரெங்கராஜ் ஹார்ன் அடித்தான். அவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் அடித்தான். அவள் கண் ரோட்டைவிட்டு இம்மியும் நகரவில்லை.

நல்ல டிரைவர் அப்படித்தான் ஓட்ட வேண்டும். வேறு யாராவது அப்படி ஓட்டியிருந்தால் ரெங்கராஜே மெச்சியிருப்பான். ஓட்டினது சொர்ணம், சிரிக்க வைத்தது மலையாண்டி. தன்னோடு பேசும்போது அவள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பி நிறுத்தியவன் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. எடுக்க வேண்டிய நேரம் ஏழு முப்பத்தைந்து. ஏழு முப்பத்தொன்றுக்கு இன்ஜினை உறுமவிட்டான்.

கண்டக்டர் ராசு டீக்கடையிலிருந்து ஓடிவந்தான். “என்னண்ணே, இன்னும் நாலு நிமிஷம் கெடக்கே?”

“ஏறுய்யா.”

“இல்லண்ணே, டயம்…”

“ஏறுன்னா ஏறு!”

ஏறத் துணிந்தவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். பஸ் கிளம்பிவிட்டது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக.

மேட்டுப்பட்டி விலக்கில் வண்டி நின்றபோது மணி ஏழு நாற்பத்து மூன்று. கூடையோடு இரண்டு பேர் ஏறினார்கள். ராசு படிக்கட்டில் தொங்கிக்கொண்டே ஊர்ப்பாதையை எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, அண்ணி இன்னைக்குப் பரீட்சைக்கு வாரேன்னாங்களே. ஆளக் காணோம். கொஞ்சம் பொறுத்து எடுப்போம்.”

ரெங்கராஜும் பார்த்தான். பாதை காலியாகக் கிடந்தது. அவள் நாற்பத்தாறுக்கு வந்து நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் நேரத்தை நம்பியே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள்.

‘காத்துக் கெடக்கட்டுமே’ என்று மனசு சொன்னது. ‘ஒரு நாளாவது எனக்காக ரோட்டில் நிற்கட்டும். போன் போட்டு, ஏங்க நில்லுங்கன்னு கெஞ்சட்டும். அப்போது நிறுத்துவேன். நிறுத்தி, ஏறச் சொல்வேன்.’

“பஸ்ஸுல அண்ணி, ஆட்டுக்குட்டின்னெல்லாம் ஏதுடா? விசில் குடு.”

ராசு விசில் கொடுக்கவில்லை. வண்டி போய்விட்டது.

இரண்டு கிலோமீட்டர் தாண்டினான். போன் வரும் என்று சட்டைப்பையிலேயே கவனம் இருந்தது. வந்தது, ராசுவின் போனுக்கு.

“ஆமா அண்ணி… இல்ல அண்ணி, நாப்பத்து மூணுக்கு… சரி அண்ணி.”

“என்ன சொல்றா?” என்றான் ரெங்கராஜ், கண்ணாடி வழியே.

“எத்தன மணிக்குத் தாண்டுச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். வச்சிட்டாங்க.”

“என்கிட்டக் குடுக்கச் சொல்லல?”

“இல்லண்ணே.”

கெஞ்சவில்லை. திட்டக்கூட இல்லை. இனி அவள் யாருக்குப் போன் போடுவாள் என்பதை யோசிக்கவே வேண்டாம். தன் கையாலேயே அவளை மலையாண்டியிடம் அனுப்பி வைத்தாயிற்று. அடுத்த ஸ்டாப்பில் வண்டியை ஓரங்கட்டிவிடலாமா என்று நினைத்தான். உள்ளே நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வான்? பொறாமையில் முன்னால் எடுத்துவிட்டேன் என்றா?

அன்னவாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வலது கண்ணாடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சிவப்பு எல்.

ஸ்டியரிங்கில் சொர்ணம்தான். இரண்டு குட்டி ஹார்ன் கொடுத்தாள்.

ரெங்கராஜ் சைடு கொடுக்கவில்லை. பஸ்ஸை நடு ரோட்டுக்கே கொண்டுவந்தான்.

“அண்ணே, பின்னாடி அண்ணி” என்றான் ராசு.

“தெரியுது.”

“சைடு குடுங்கண்ணே. நேரம் ஓடுது.”

“ஓட்டத் தெரிஞ்சவ எடுத்துக்கிட்டுப் போகட்டும். யாரு வேண்டாங்குறா?”

ஒரு கிலோமீட்டர் போயிற்று. முன் சீட்டிலிருந்த பெரியவர், “ஏப்பா டிரைவரு, பாவம் பொம்பளப்புள்ள, பழகுற வண்டி, விட்டுத்தான் குடேன்” என்றார். ரெங்கராஜ் காதில் வாங்காத மாதிரி இருந்தான். அவன் கண் முழுக்கக் கண்ணாடியில்தான்.

அவள் பதறுவாள், கிளட்சை விடுவாள், வண்டி அணைந்து நிற்கும் என்று எதிர்பார்த்தான். சொல்லக் கூசுகிறது, ஆனால் அதைத்தான் எதிர்பார்த்தான். அவள் பதறவில்லை. லேசாக வலப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பார்த்தாள். எதிரே லாரி வருவது தெரிந்ததும் பின்வாங்கி, இரண்டு பஸ் நீளத்துக்கு இடைவெளி விட்டுக்கொண்டாள். மறுபடி இரண்டு குட்டி ஹார்ன். மறுபடி பொறுமை.

ரெங்கராஜுக்கு அந்த ஓட்டம் பழக்கமானது. அவனுடையது. ‘ஹார்ன அமுக்கிப் புடிக்காத, ரெண்டே ரெண்டு, அப்புறம் பொறு’ என்று வருஷக்கணக்காக மலையாண்டியின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த வித்தை. தான் கூச்சல் போட்டுச் சொன்னபோது அவளுக்கு ஏறாதது, இன்னொருத்தன் தன்மையாகச் சொன்னபோது ஏறியிருக்கிறது. தன் தொழிலே தன் வீட்டுக்கு அடுத்தவன் கை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்க, அவனுக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. பொறாமை மட்டும் குறையவில்லை.

மணியைப் பார்த்தான். எட்டு பதினேழு.

இடது இண்டிகேட்டரைப் போட்டு, பஸ்ஸை மண்ணில் இறக்கிக் கொடுத்தான்.

கார் சீராக ஏறி வந்து கடந்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓட்டினாள் சொர்ணம். கண்ணாடிக்கு முன்னால் ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் கவர் கிடந்தது. இந்தத் தடவையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கே பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிட்டான் ரெங்கராஜ். அவள் ஒன்பதுக்குள் உள்ளே போனாளா இல்லையா என்று தெரியாமல் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கேட் பூட்டியிருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் காரில் சாய்ந்துகொண்டு நின்ற மலையாண்டி அவனைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

“வாங்கண்ணே, இங்கிட்டு நெழலுக்கு வாங்க. அண்ணி எட்டு நாப்பதுக்கெல்லாம் உள்ள போயிட்டாங்க.”

ரெங்கராஜுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை அடுத்த பேச்சு நிறுத்தியது.

“அண்ணிக்குத்தாண்ணே ஒரே வெக்கம். சேலை மாத்துறதுல நாலு நிமிஷம் லேட்டாக்கிட்டாங்களாம். ‘அவரு வண்டி கரெக்டா வந்து கரெக்டாப் போயிருச்சு, தப்பு என் மேலதான்’னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. கட்டுன பொண்டாட்டிக்கே பரீட்சை, அப்பக்கூட டயத்துக்கு எடுத்தீங்க பாருங்க! ஸ்கூல்ல பழகுற பசங்ககிட்ட இனிமே இதத்தாண்ணே சொல்லப் போறேன்.”

ரெங்கராஜ் தரையைப் பார்த்தான்.

“அதவிட, ரோட்டுல சைடு குடுக்காம வச்சு அண்ணியச் சோதிச்சீங்களே. நானே அப்படிப் பழக்கியிருக்க முடியாதுண்ணே. என்ன இருந்தாலும் நீங்க குருவாச்சே!”

கபடமில்லாத முகம். பொறாமைப்படுவதற்குக்கூட அதில் ஒன்றும் அகப்படவில்லை.

பன்னிரண்டரைக்கு கேட் திறந்தது. கூட்டம் வழிந்து வடிந்த பிறகு கடைசியாக வந்தாள் சொர்ணம். புருஷனைப் பார்த்ததும் அவள் நடை ஒரு கணம் நின்றது. பிறகு நேரே வந்தாள்.

“மலையாண்டி அண்ணே, வண்டிய அங்கிட்டுத் திருப்பி வைங்க. இதோ வாரேன்.”

அவன் நகர்ந்ததும் ரெங்கராஜ் மெல்லக் கேட்டான். “பரீட்சை எப்படி?”

“எழுதியிருக்கேன்.”

“சொர்ணம், அவன்கிட்ட நீதான் லேட்டுன்னு…”

“ஆமா, சொன்னேன். ஒங்கள ஊரே மணி பாக்குற ஆளுன்னு வச்சிருக்கு. அத ஒடைக்க எனக்கு மனசு வரல.” குரலை உயர்த்தவே இல்லை அவள். “வழியில இன்னொண்ணும் கேட்டாரு. ‘அண்ணே எம்புட்டுப் பெரிய டிரைவரு, அவரு ஏன் ஒங்களுக்குச் சொல்லித் தரல’ன்னு. அவருக்கு ஏதுங்க நேரம்னு சொன்னேன். அதுவும் பொய்தான். ஒங்களுக்காக இன்னைக்கு ரெண்டு பொய் சொல்லியாச்சு.”

“நான் வேணும்னு…”

“இப்பச் சொல்லாதீங்க. எனக்கு ஓட்டணும், கை நடுங்கும்.”

கார் திரும்பி வந்து நின்றது. மலையாண்டி இறங்கி, எல் போர்டைச் சரிபார்க்கப் பின்பக்கம் போனான். சொர்ணம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மலையாண்டிக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“பரீட்சைக்கு வழியனுப்புறேன்னு இலக்கியாவும் காலைல விலக்குக்கு என்கூட வந்தா. பஸ் போன புழுதி அடங்கல. கையில கட்டியிருந்த வாட்ச்சப் பாத்தா, என்னையப் பாத்தா. ‘அம்மா, மணி நாப்பத்தஞ்சுதானே?’ன்னா. நான் பதில் சொல்லல. சாயங்காலம் ஒங்ககிட்டக் கேப்பா.”

மலையாண்டி பக்கத்து சீட்டில் ஏறியதும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி கீழராஜ வீதிப் பக்கம் போயிற்று.